வண்ணப் படத்துக்கு முன்: மூளை அலைப் பதிவைத் தயார்செய்வது

இ.இ.ஜி. (தலைமேல் மின்வாய் வைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் முறை) பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் மயங்குவது அந்த வண்ணப் படத்தில்தான். கிடைமட்டமாக நேரம், செங்குத்தாக அதிர்வெண், நடுவே சிவப்பும் நீலமுமாகத் திட்டுகள். 'நேர-அதிர்வெண் படம்' என்பது அதன் பெயர். ஈஈஜிலேப், ஃபீல்ட்ட்ரிப், எம்என்இ பைத்தான் ஆகிய இலவச மென்பொருள்களில் எதை எடுத்தாலும் அந்தப் படத்தை வரையச் சில வரி நிரல் போதும். ஆனால் படத்தில் தெரியும் திட்டு மூளையிலிருந்து வந்ததா, கழுத்துத் தசையிலிருந்து வந்ததா, நாமே போட்ட வடிகட்டியிலிருந்து வந்ததா என்பது அந்தச் சில வரிகளுக்கு முன்பே தீர்மானமாகிவிடும். இந்தக் கட்டுரை அந்த 'முன்பு' பற்றியது.

தலைமேல் மின்வாய் வைத்து அளக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது. பொதுவாக 10 முதல் 100 மைக்ரோவோல்ட். ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனிதரிடம் இதை முதன்முதலாகப் பதிவுசெய்தார், 1929-இல் வெளியிட்டார். கண்ணை மூடியதும் நொடிக்குச் சுமார் பத்து முறை ஏறி இறங்கும் அலை எழுவதையும் கண்ணைத் திறந்ததும் அது அடங்குவதையும் கண்டவர் அவர்தான். அதற்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார். இன்று 4 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு நான்கு முறைக்கு) கீழே டெல்டா, 4 முதல் 8 வரை தீட்டா, 8 முதல் 13 வரை ஆல்ஃபா, 13 முதல் 30 வரை பீட்டா, அதற்கு மேல் காமா என்கிறோம். எல்லைகள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அதில் சண்டை போட ஒன்றுமில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் காவடி நாளன்று கோயில் வாசலில் ஒரே ஒரு மைக்கை வைத்துப் பதிவுசெய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உறுமியின் அடிக்குரல், தவில், ஜால்ரா, 'அரோகரா' எல்லாம் ஒரே கோட்டில் கலந்து கிடக்கும். எந்த நொடியில் உறுமி ஓங்கியது, எப்போது ஜால்ரா நின்றது என்று அந்த ஒரே கோட்டிலிருந்து பிரித்துச் சொல்வதுதான் நேர-அதிர்வெண் பகுப்பாய்வு. பெரும்பாலும் இதைச் செய்வது 'வேவ்லெட்' என்ற சிற்றலை. நடுவில் உயர்ந்து இருபுறமும் தேய்ந்து மறையும் ஒரு குட்டி அலை அது. அதைப் பதிவின் மேல் நகர்த்திக்கொண்டே போய், ஒவ்வொரு இடத்திலும் பதிவு அதனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறோம்.

இந்தச் சிற்றலைக்கு ஒரு நீளம் இருக்கிறது. கீழே வரும் பாதிச் சங்கதிகள் அந்த நீளத்திலிருந்துதான் பிறக்கின்றன.

ஒரு சோதனையைக் கையில் வைத்துக்கொள்வோம்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வார இறுதிகளில் மிருதங்கம் கற்கும் பெரியவர்கள் சிலரை அழைக்கிறோம். மின்வாய்கள் பொருத்திய தொப்பியை மாட்டி உட்காரவைத்து, தோன்றும்போது வலது கையால் ஒரே ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு தட்டு என்று செய்யச் சொல்கிறோம். பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: குழந்தைகளின் மூளைத் தாளம் இன்னும் மெதுவானது, அவர்களுக்கு வேறு எல்லைகள் வைக்க வேண்டும்.

கையை அசைப்பதில் மூளை என்ன செய்யும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். இடப்பக்கம், சி3 மின்வாயைச் சுற்றி, 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையுள்ள 'மியூ' தாளமும் பீட்டாவும் அடங்கும். தானாக நினைத்துச் செய்யும் அசைவில் இந்த அடக்கம் கை அசைவதற்குச் சுமார் இரண்டு நொடி முன்பே தொடங்கிவிடும். அசைவு முடிந்ததும் ஒரு நொடிக்குள் பீட்டா பழைய நிலையையும் தாண்டி மேலெழும்பும். நாம் காண விரும்பும் படம் இதுதான்: முதலில் நீலம் (அலை அடங்குகிறது), பிறகு பீட்டாவில் ஒரு சிவப்புத் திட்டு (அலை எழும்புகிறது).

பதிவறையிலேயே முடியும் வேலைகள்

எந்த மென்பொருளும் மோசமான பதிவை நல்ல பதிவாக்காது. டர்பனில் இதற்கு மூன்று எதிரிகள்.

முதலாவது தலைமுடி. நம் ஆட்கள் தேங்காய் எண்ணெய் தடவாமல் வெளியே கிளம்புவதில்லை. எண்ணெய்ப் படலம் இருந்தால் மின்வாய்க்கு அடியில் வைக்கும் ஜெல் தோலைத் தொடாது. "நாளைக்கு ஷாம்பு மட்டும் போட்டுக் குளிச்சிட்டு வாங்க ஆயா, எண்ணெய் வேண்டாம்" என்று முந்தின நாளே சொல்லிவிட வேண்டும், திட்டு வாங்கினாலும் சரி. நெருக்கமான சுருள்முடியும் பின்னலும் உள்ள ஜூலு மாணவர்களிடம் சிக்கல் வேறு மாதிரி. தலையோடு ஒட்டிய வரிசைப் பின்னல் போட்டு, வரிசைகளுக்கு நடுவே மின்வாய் வருமாறு முன்கூட்டியே பேசிவைத்தால் நல்ல தொடர்பு கிடைக்கும். முடி ஒத்துவரவில்லை என்று ஆளைத் திருப்பி அனுப்பும் வழக்கம் பல ஆய்வுக்கூடங்களில் உண்டு. அது நேர்மையான அறிவியல் இல்லை. தென்னாப்பிரிக்காவில் அப்படிச் செய்தால் நாட்டின் பெரும்பான்மையையே வெளியே நிறுத்திவிட்டு 'மனித மூளை' பற்றி எழுதுவதாகிவிடும். ஒவ்வொரு மின்வாயின் மின்மறுப்பையும் (தோலோடு உள்ள தொடர்பில் மின்சாரத்துக்கு வரும் தடையையும்) 10 கிலோஓமுக்குக் கீழே கொண்டுவர முயலுங்கள். அதற்காக அரை மணி நேரம் போனால் போகட்டும்.

இரண்டாவது வியர்வை. ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் தலை வியர்த்தால் பதிவுக்கோடு மெதுவாக மேலும் கீழும் மிதக்கும். இது பெரும்பாலும் 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே நடப்பது. ஏசி போட்டால் பாதி தீரும்.

மூன்றாவது மின்சாரம். இங்கே வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் பதிவான பொதுத் தரவை இறக்கிப் பயில்பவர்கள் அங்கே 60 என்பதை மறக்க வேண்டாம். 50-இல் ஒரு கூர்மையான முனை, அதன் மடங்குகளான 100, 150-இல் சிறிய முனைகள், இவை எப்போதும் இருக்கும். லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்த 2023 போன்ற காலத்தில் கதை இன்னும் சிக்கலாகும். சிறிய ஜெனரேட்டரில் ஓடும்போது சுமைக்கு ஏற்ப அதிர்வெண் 50-இலிருந்து நகரும். சதுரத்தை ஒத்த அலை தரும் மலிவு இன்வெர்ட்டர்களில் மடங்குகள் பெரிதாக இருக்கும். 50-ஐ மட்டும் குறிவைத்து வெட்டும் வடிகட்டி இவற்றைப் பிடிக்காது. பேட்டரியில் ஓடும் பெருக்கிதான் நல்ல வழி. பக்கத்தில் சார்ஜர்களையும் பிடுங்கிவிடுங்கள்.

இதோடு தட்டிய நேரத்தைச் சரியாகக் குறிக்க வேண்டும். மிருதங்கத் தோலில் ஒரு சிறிய அதிர்வு உணரியை ஒட்டி, அதன் கம்பியை இ.இ.ஜி. பெருக்கியின் ஒரு சேனலிலேயே (மின்வாய்கள் ஒவ்வொன்றுக்கும் உள்ள தனிப் பதிவு வழி) சொருகிவிட்டால் கணினியின் தாமதம் பற்றிய கவலை இல்லை. 20 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுழற்சி 50 மில்லிநொடிதான். குறி அவ்வளவு தள்ளாடினால் கட்டத்தை (அந்த நொடியில் அலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை) பற்றிய எந்த அளவும் பயன்படாது.

வடிகட்டி: குறைவாகப் போடுங்கள்

கணினி முன் உட்கார்ந்ததும் முதலில் வருவது இதுதான். பெரும்பாலான பழைய கையேடுகள், பல பதிவுத் துண்டுகளைக் கூட்டி வகுத்துப் பெறும் 'தூண்டல் சார்ந்த மின்னழுத்தம்' என்ற சராசரி அலைக்காக எழுதப்பட்டவை. அங்கே 30 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதையெல்லாம் வெட்டிவிடுவது வழக்கம், கோடு வழுவழுப்பாகத் தெரியும். அதே செய்முறையை அப்படியே எடுத்துவந்தால் நம் பீட்டாவின் மேல்பகுதி தேய்ந்துபோகும். நேர-அதிர்வெண் பகுப்பாய்வே அதிர்வெண்களைத் தனித்தனியாகப் பிரித்துத்தான் காட்டப்போகிறது. 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் 50-இல் உட்கார்ந்திருக்கும்; 20-இல் நடப்பதை அது பெரிதாகத் தொந்தரவு செய்யாது. நீங்கள் 30-க்கு மேல் பார்க்கப்போவதில்லை என்றால் 50-ஐ வெட்டும் வடிகட்டியே தேவையில்லை. நான் போடமாட்டேன்.

கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு வடிகட்டி வேண்டும். நாம் பார்க்கும் மிகக் குறைந்த அதிர்வெண் 4 ஹெர்ட்ஸ் என்றால், 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நீக்கினால் இழப்பு ஒன்றுமில்லை. வியர்வை மிதப்பும் போய்விடும்.

முக்கியமான ஒன்று: இந்த வடிகட்டியை முழுநீளப் பதிவின் மேல் போடுங்கள், ஒவ்வொரு தட்டையும் சுற்றிச் சில நொடித் துண்டுகளாக வெட்டிய பிறகு போடாதீர்கள். வடிகட்டிக்கும் நீளம் உண்டு. 1 ஹெர்ட்ஸ் வடிகட்டி சில நொடி நீளத்துக்குத் தரவு கேட்கும். துண்டின் ஓரத்தில் தரவு இல்லாததால் அங்கே பொய்யான அலை முளைக்கும். அதேபோல் மின்வாய் நழுவிக் கோடு திடீரெனக் குதித்த இடம் இருந்தால், வடிகட்டி அந்தக் குதிப்பை இரு பக்கமும் அலையாகப் பரப்பிவிடும். குதித்த நொடியோடு அதன் இருபுறத்து நொடிகளையும் சேர்த்துக் கெட்டதாகக் குறியுங்கள்.

கெட்ட சேனல், ரெஃபரன்ஸ், கண் இமை

இவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம், ஏனென்றால் மற்ற இ.இ.ஜி. வேலைகளிலும் இவை ஒன்றேதான். தட்டையாக இருக்கும் அல்லது அருகில் உள்ளவற்றோடு துளியும் ஒட்டாத சேனலை முதலில் கண்டுபிடித்து விலக்குங்கள். பிறகுதான் எல்லாச் சேனல்களின் சராசரியை ரெஃபரன்ஸாக (ஒவ்வொரு சேனலையும் ஒப்பிட்டு அளக்கும் அடிப்படையாக) எடுக்க வேண்டும். வரிசை மாறினால் ஒரு கெட்ட சேனலின் அழுக்கு சராசரி வழியாக எல்லாச் சேனல்களுக்கும் போகும்.

கண் சிமிட்டல் நெற்றிப் பக்கத்தில் 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும். படத்தில் அது டெல்டா, தீட்டா பகுதியில் வீங்கிய சிவப்பாகத் தெரியும். 'ஐசிஏ' எனும் முறை, கலந்து வந்த பதிவைத் தனித்தனி மூலங்களாகப் பிரித்துத் தரும். அவற்றில் கண் சிமிட்டல், கண் அசைவு ஆகியவற்றைக் குறிக்கும் ஓரிரண்டை மட்டும் கழித்துவிடலாம். ஐசிஏ மெதுவான மிதப்பைக் கண்டால் குழம்பும், அதனால் 1 ஹெர்ட்ஸ் வடிகட்டிய பதிவே அதற்கு ஏற்றது. ஆசைப்பட்டுப் பத்து, பதினைந்து கூறுகளை எடுத்துவிடாதீர்கள். சந்தேகமான கூறு இருந்தால் இருக்கட்டும்.

தசை வேறு கதை. பல்லைக் கடித்தால், கழுத்தை இறுக்கினால் 20 ஹெர்ட்ஸுக்கு மேலே அகலமாக இரைச்சல் வரும். 2007-இல் வெளியான ஒரு ஆய்வில், மருந்தால் தற்காலிகமாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்து பதிவெடுத்தபோது, 20 ஹெர்ட்ஸுக்கு மேலே வழக்கமாகத் தெரியும் திறனில் (அலையின் பலத்தில்) பெரும்பகுதி காணாமல் போனது. அதாவது அதுவரை மூளை என்று பார்த்ததில் நிறைய, தசை. மறு ஆண்டு இன்னொரு அடி: படம் பார்க்கும்போது எழுவதாகச் சொல்லப்பட்ட காமா வெடிப்பு, கண்ணின் நுண்ணிய துள்ளல்களால் வரக்கூடியது என்று யுவல்-கிரீன்பெர்க் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு என் யோசனை, காமாவைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதுதான்.

மிருதங்கச் சோதனையிலும் இந்த ஆபத்து இருக்கிறது. தட்டும்போது தோளும் கழுத்தும் சேர்ந்து இறுகும். மணிக்கட்டை மட்டும் அசைக்கச் சொல்லுங்கள். 20-க்கு மேலே காணும் திட்டு, கழுத்துக்கு அருகில் உள்ள ஓரச் சேனல்களில்தான் பலமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கழுத்து.

துண்டு எவ்வளவு நீளம்?

எளிய கேள்வி போலத் தெரியும், ஆனால் தவறுகளில் பாதி இங்கேதான். சிற்றலையின் அகலத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம்: அதில் எத்தனை சுழற்சி என்பதை, 2π-யையும் அதிர்வெண்ணையும் பெருக்கிவந்த எண்ணால் வகுக்க வேண்டும். ஆறு சுழற்சி, 10 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 0.1 நொடி. அதே ஆறு சுழற்சி 4 ஹெர்ட்ஸில் 0.24 நொடி, 2 ஹெர்ட்ஸில் 0.48 நொடி. சிற்றலை ஏறக்குறைய முழுதாகத் தேய இதைப்போல் மூன்று மடங்கு தூரம் பிடிக்கும். ஆகவே 4 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு பக்கமும் 0.7 நொடிக்கு மேல், 2 ஹெர்ட்ஸில் 1.4 நொடிக்கு மேல். துண்டின் ஓரத்திலிருந்து இந்தத் தூரத்துக்குள் வரும் எந்த எண்ணையும் நம்பக்கூடாது. சிற்றலையின் ஒரு பகுதி தரவே இல்லாத இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அடக்கம் தட்டுக்கு 2 நொடி முன்பே தொடங்குகிறது. ஒப்பிட ஓர் அமைதியான காலம் வேண்டும், அது அதற்கும் முன்னால், -3.5 முதல் -2.5 நொடி வரை இருக்கட்டும். அதன் இடப்புறம் ஓரத்துக்காக 0.75 நொடி: துண்டு -4.25-இல் தொடங்கும். தட்டுக்குப் பிறகு பீட்டா எழும்பி அடங்க 2 நொடி, அதன்பின் ஓரத்துக்கு 0.75. மொத்தம் ஏழு நொடி. ஓரத்தை மட்டும் கணக்கிட்ட பிறகு வெட்டி எறிந்துவிடலாம்.

இதிலிருந்து இன்னொன்று தெரிகிறது பாருங்கள். மூன்று நொடிக்கு ஒருமுறை தட்டியிருந்தால், ஒரு தட்டின் 'அமைதிக் காலத்தில்' முந்தைய தட்டின் பீட்டா எழுச்சி வந்து உட்கார்ந்திருக்கும். பத்து நொடிக்குக் குறையாமல் இடைவெளி விடச் சொல்ல வேண்டும். பதிவு முடிந்த பிறகு இதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. அதனால்தான் பார்க்கப்போகும் மிகக் குறைந்த அதிர்வெண்ணை ஆட்களை அழைக்கும் முன்பே முடிவுசெய்யச் சொல்கிறேன். வடிகட்டியின் எல்லை, துண்டின் நீளம், தட்டுகளின் இடைவெளி எல்லாம் அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு வருபவை.

கெட்ட துண்டுகளை விலக்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம்

சராசரி அலை பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நூறு துண்டுகளைக் கூட்டி வகுத்தால் தாறுமாறான இரைச்சலில் மேலும் கீழும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரையும். நமக்கு அந்த வசதி கிடையாது. நாம் ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியாகத் திறனைக் கணக்கிட்டு, பிறகுதான் சராசரி எடுக்கிறோம். திறன் என்பது வீச்சின் வர்க்கம், அது எப்போதும் நேர் எண், கழித்தல் குறி வராது. இரைச்சல் கரையாது, சேரும். ஒரு துண்டில் இரைச்சலின் வீச்சு மற்றவற்றைப்போல் பத்து மடங்கு என்றால் அதன் திறன் நூறு மடங்கு. அந்த ஒன்றே நூறு நல்ல துண்டுகளுக்குச் சமமாகப் படத்தை இழுத்துவிடும். எனவே துண்டு துண்டாகக் கண்ணால் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் மாணவர்களிடம் இதை மட்டும் கணினியிடம் விட வேண்டாம் என்பேன்.

சரி, அப்படியென்றால் முதலிலேயே சராசரி எடுத்துவிட்டு அதன்மேல் சிற்றலையை ஓட்டலாமே என்று தோன்றும். கூடாது. மியூ தாளம் ஒவ்வொரு தட்டின்போதும் வெவ்வேறு கட்டத்தில் இருக்கும், சராசரியில் அதுவே கரைந்துபோகும். நாம் தேடி வந்ததே அதைத்தான்.

இரண்டு நிலைகளை ஒப்பிடுவதாக இருந்தால், உதாரணமாக வலக்கைத் தட்டும் இடக்கைத் தட்டும், இரண்டிலும் மிஞ்சும் துண்டுகளின் எண்ணிக்கையைச் சமமாக்குங்கள். கட்ட ஒத்திசைவை (துண்டுக்குத் துண்டு கட்டம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை) அளப்பவர்களுக்கு இது கட்டாயம். துண்டு குறைந்தால் அந்த அளவு பொய்யாகவே உயரும்.

ஒப்பீட்டுக் காலம்

மூளையின் திறன் இயல்பாகவே கீழ் அதிர்வெண்ணில் மிகப் பெரிது, மேலே போகப் போகச் சிறிது. அப்படியே வரைந்தால் படத்தின் அடியில் ஒரு சிவப்புப் பட்டை, மேலே ஒன்றுமே தெரியாது. ஆகவே ஒவ்வொரு அதிர்வெண்ணையும் அதன் சொந்த அமைதிக் காலத் திறனால் வகுத்து, டெசிபலில் காட்டுகிறோம். -3 டெசிபல் என்றால் திறன் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது, +3 என்றால் இரட்டிப்பு.

அமைதிக் காலத்தை அசைவு தொடங்கும் இடத்துக்கு ஒட்டி வைக்காதீர்கள். சிற்றலை நேரத்தைச் சற்றுத் தேய்த்துவிடுவதால் அசைவின் நிழல் பின்னோக்கியும் விழும். 'தட்டுக்கு முன் 200 மில்லிநொடி' என்று சராசரி அலைக்காரர்கள் வைக்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவந்தால், ஏற்கெனவே அடங்கிய தாளத்தோடு அடங்கிய தாளத்தை ஒப்பிடுவோம். நீலம் காணாமல் போகும், பீட்டா எழுச்சி மட்டும் இருப்பதைவிடப் பூதாகரமாகத் தெரியும்.

சரிபார்க்க ஒரு சின்ன வழி

ஒவ்வொருவரிடமும் சோதனை தொடங்கும் முன் ஒரு நிமிடம் கண் மூடி, ஒரு நிமிடம் கண் திறந்து பதிவெடுத்துவையுங்கள். முழுச் செய்முறையையும் முதலில் அந்த இரண்டு நிமிடத்தின் மேல் ஓட்டுங்கள். பின்தலையில், ஓ1, ஓ2 பக்கம், கண் மூடிய நிமிடத்தில் 10 ஹெர்ட்ஸ் அருகே திறன் கூட வேண்டும். சிலருக்கு இயல்பிலேயே ஆல்ஃபா மங்கலாக இருக்கும், ஆனால் ஒருவரிடமும் கூடவில்லை என்றால் சேனல் பெயர்கள் மாறியிருக்கலாம் அல்லது ஐசிஏ-யில் அளவுக்கு மீறிக் கழித்திருக்கலாம்.

பிறகு தட்டுச் சோதனையில், எதுவும் செய்யாத மூலப் பதிவிலிருந்து ஒரு படமும், தயார்செய்த பதிவிலிருந்து ஒரு படமும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூலத்தில் மங்கலாக இருந்த திட்டு இப்போது தெளிவாகியிருந்தால் தொடரலாம். மூலத்தில் சுவடே இல்லாத ஒரு திட்டு புதிதாக முளைத்திருந்தால், குறிப்பாக அது துண்டின் ஓரத்திலோ கீழ் அதிர்வெண்ணிலோ இருந்தால், முதலில் வடிகட்டி போட்ட வரிசையையும் துண்டின் நீளத்தையும் போய்ப் பாருங்கள்.